ராகுகாலத்தில் இறங்கச் சொன்னேன்

அறுபதுகளின் தொடக்கம். சென்னை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எனக்கு வேலை. ஒரே நேரத்தில் வந்து சேரும் விமானங்களில் எது முதலில் இறங்கலாம், எது வானத்திலேயே வட்டமடிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவதுதான் என் பிழைப்பு. அந்தக் கர்வம் குறையாமல் நயினார்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு லீவில் போனேன்.

தங்கையைப் பெண் பார்க்க இரண்டு இடங்களிலிருந்து கேட்டிருந்தார்கள். எனக்கோ லீவு குறைவு. இரண்டு வீட்டாரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். கடலாடிக்காரர்கள் மூன்று மணிக்கு, உப்பூர்க்காரர்கள் ஐந்து மணிக்கு. ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் இரண்டு சம்பந்தமும் போச்சு என்று அய்யா பயந்தார். விமானத்தையே இறக்குகிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று அடித்துப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்கும் என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவில்லை. உப்பூர்க்காரர்கள் அதற்கு முன்பே வந்து சேரக் கிளம்பிவிட்டார்கள். கடலாடிக்காரர்கள் வந்த பஸ்ஸோ டயர் வெடித்துத் தாமதம். அவர்கள் எங்கள் வாசலில் கால் வைக்கும்போது ஊர் எல்லையில் உப்பூர் வாடகைக் காரின் ஹாரன் கேட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்மாய்க் கரையில் காரை மறித்து, பொய் சொல்ல வராமல், உள்ளதை உள்ளபடி உளறிவிட்டேன். பின் சீட்டில் இருந்த பெரியவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருவர் காரைத் திருப்பச் சொன்னார். முன் சீட்டில் இருந்த மாப்பிள்ளைதான் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார்.

“பஸ்ஸுல நொந்து வந்தவுக முதல்ல பாத்துட்டுப் போகட்டும். நாங்க இங்கன மரத்தடியில உக்காந்திருக்கோம். ராகுகாலம் கழிச்சு வாரோம்” என்றார்.

வீட்டுக்குள் ஓடித் தங்கையிடம் இதைச் சொன்னேன். கடலாடிக்காரர்கள் கேசரி, பஜ்ஜி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகக் கிளம்பினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் உப்பூர்க்காரர்கள் வந்தார்கள். நல்ல வேளையில் வந்ததில் பெரியவர்களுக்கும் கோபம் தணிந்திருந்தது. மிஞ்சியிருந்தது காபி மட்டும்தான். அதையும் மாப்பிள்ளை ரசித்துக் குடித்தார்.

“அண்ணே, எனக்கு இவுகளே போதும்” என்றாள் தங்கை, அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு. மறுநாளே அய்யா வெற்றிலை பாக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டார்.

பின்னாளில், இன்னொரு வட்டம் அடிக்கச் சொன்னதற்கு எந்த விமானி சலித்துக்கொண்டாலும் எனக்கு அந்தக் கண்மாய்க் கரைதான் ஞாபகம் வரும். இன்றும் தங்கை வீட்டுக்காரர் என் வீட்டு வாசலுக்கு வந்தால், “இறங்கலாமா மச்சான், இன்னொரு சுத்து சுத்தட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் செருப்பைக் கழற்றுவார். நான் போட்ட வரிசை குலைந்த அன்று, முகம் கோணாமல் மரத்தடியில் காத்திருந்த அந்த மனுஷனால்தான் என் தங்கை சிரித்தபடி வாழ்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைந்துபோகும்.