சித்தப்பா அடுக்கிய விறகு

சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், கரையான் பார்க்கிறவர் வந்தார். அமெரிக்காவிலும் கரையான் உண்டு என்பதே அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வந்தவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்ற எங்கள் விறகு ஷெட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இப்படி வைத்தால் கரையானை நீங்களே உள்ளே கூப்பிடுகிற மாதிரி, இருபது அடியாவது தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அதையே ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஷெட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று பக்கம் பலகை, மேலே சரிவாக ஒரு கூரை, முன்பக்கம் திறப்பு. எட்டடி நீளம் இருக்கும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நியூ ஜெர்சியில் எங்கள் பகுதிக்கு ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் போனது. நாங்கள் மூன்று பேரும் ஜாக்கெட்டும் குல்லாவுமாக ஒரே கட்டிலில் படுத்துக் கிடந்தோம். அது முடிந்த கையோடு அப்பா ஹாலில் ஒரு விறகு அடுப்பை வாங்கி வைத்தார். கனத்த இரும்பு, முன்னால் கண்ணாடிக் கதவு. அந்த அடுப்புக்காக வந்ததுதான் ஷெட்.

அதை யார் நகர்த்துவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. சித்தப்பாதான் வீட்டில் இருந்தாரே.

சித்தப்பா அப்பாவைவிட ஏழு வயது சின்னவர். பிளானோ என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய டீமில் இருந்த அத்தனை பேரையும் ஒரே மீட்டிங்கில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு சூட்கேஸும் ஒரு ரைஸ் குக்கருமாக எங்கள் பேஸ்மெண்டுக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அதுவரை பள்ளிக்கூடம் விட்டதும் ஆஃப்டர் கேரில் ஆறு மணிவரை உட்கார்ந்து, அப்பாவோ அம்மாவோ வருகிறார்களா என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது பஸ்ஸைவிட்டு இறங்கினால் சித்தப்பா கையை ஆட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுக்குப் போனதும் பிரெட்டில் மிளகாய்ப் பொடியைத் தடவித் தோசைக்கல்லில் போட்டுக் கொடுப்பார். அவருக்கு வேலை போனது என் வாழ்க்கையில் நடந்த மிக நல்ல விஷயங்களில் ஒன்று என்று நான் மனதாரக் கருதினேன்.

ஒரே ஒரு பயம்தான். வேலை கிடைத்ததும் சித்தப்பா தனியாக அபார்ட்மெண்ட் பார்த்துக்கொண்டு போய்விடுவார் என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த வேலையும் அப்பாவின் ஆபீஸிலேயே கிடைப்பதாக இருந்தது. "ரெண்டு ஓபனிங் இருக்குடா. உன் ரெஸ்யூமேவ நானே டைரக்டர் கைல குடுக்கறேன். நீ டென்ஷன் ஆகாம இரு" என்று அப்பா சொன்னபோது நானும் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தேன். நடுவில் ஒஹாயோவில் ஆறு மாத கான்ட்ராக்ட் ஒன்று சித்தப்பாவைத் தேடி வந்தது. அவர் கிளம்பத் தயாராகத்தான் இருந்தார். "அவசரப்படாத, இங்கயே ஆயிடும்" என்று அப்பா தடுத்துவிட்டார். அப்பாவின் ஆபீஸ் வேலை கிடைக்கவே கூடாது என்று நான் தினமும் சாமி அறையில் வேண்டிக்கொண்டேன். சாமி அறை என்பது சமையலறைச் சுவரில் ஒரு அலமாரி.

சித்தப்பா காலையில் லேப்டாப்பில் வேலைகளுக்கு அப்ளை பண்ணுவார். மதியத்துக்கு மேல் ஷெட்டில் இறங்குவார். முதலில் உள்ளே இருந்த பழைய விறகை எல்லாம் எடுத்துப் புல்தரையில் போட்டார். நான் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிச் சிலந்திகளை விரட்டினேன். அடியில் ஒரு சுண்டெலி, எங்கள் வீட்டுச் சுவருக்குள் குளிருக்காக அடைத்திருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்து மெத்தை போட்டு வைத்திருந்தது. "உங்கப்பாவவிட இது நல்லா வீடு கட்டியிருக்கு" என்றார் சித்தப்பா.

காலி ஷெட்டை நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. சித்தப்பா ஐந்து உருண்டைக் கட்டைகளை அதன் அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, மெல்ல உருட்டினார். பின்னால் விடுபடுகிற கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி முன்னால் போடுவது என் வேலை. இரண்டு மதியங்களில் அந்த ஷெட் ஏதோ கிழட்டு மாடு மாதிரி அசைந்து அசைந்து போய், பின்வேலி ஓரத்தில் அவர் பதித்து வைத்திருந்த சிமெண்ட் கற்களின் மேல் ஏறி நின்றது. அதற்குள் குளிர்காலத்துக்கான புது விறகும் லாரியில் வந்து வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற டிரைவ்வேயில் மலையாகக் கொட்டிக் கிடந்தது. ஓக் மரம். கொண்டுவந்தவரிடம் கேட்டுக் கேட்டுச் சித்தப்பா தெரிந்துகொண்டார்: பட்டை மேலே பார்த்திருக்க வேண்டும், நடுவில் காற்றுப் போக இடைவெளி வேண்டும், இரண்டு ஓரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால்தான் சரியாது. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஈரம். அதை அடுத்த வருஷத்துக்கென்று தனியாக வைத்தார். அடுத்த வருஷம் அவர் இருப்பார் என்பதற்கு எனக்கு அந்த ஒரு சாட்சியே போதுமாக இருந்தது.

அப்படி அவர் பாதி விறகை அடுக்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அப்பாவும் அம்மாவும் எடிசனுக்குப் போய் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பினோம். நான் பின்சீட்டில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

"தம்பியோட ரெஸ்யூமேவ குடுத்தீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அப்பா கண்ணாடியில் என் ஹெட்போனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "குடுக்கல" என்றார்.

"என்னங்க இது?"

"அவன் வந்தா ஆறே மாசம், எல்லாரும் அவன்கிட்டதான் போய் நிப்பாங்க. ஸ்கூல்ல, காலேஜ்ல, எங்க போனாலும் நீ அவனோட அண்ணனான்னுதானே என்னைக் கேட்டாங்க? இங்க வந்துதான் எனக்குன்னு ஒரு பேரு. அதையும் அவன்கிட்ட குடுக்கணுமா?"

"தம்பிக்கு நாள் போயிட்டிருக்குங்க."

"வேற எங்கயாவது கெடைக்கும். அவனுக்குக் கெடைக்காதா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேர்கிறவரை அவள் பேசியது ஒரே வாக்கியம். "கொத்தமல்லி வாங்க மறந்துட்டோம்."

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டது. மறுநாள் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுப் பின்பக்கம் ஓடினேன். சித்தப்பா அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, ஒரு குட் நியூஸ் சொல்லவா?"

"சொல்லு குட்டி."

"நீங்க எங்கயும் போக வேண்டாம். அப்பா உங்க ரெஸ்யூமேவ குடுக்கவே இல்ல! நேத்து கார்ல அம்மாகிட்ட சொன்னாரு. நீங்க இங்கயே இருக்கலாம்."

அவர் கையில் ஒரு கட்டை இருந்தது. அதை வைக்கவும் இல்லை, போடவும் இல்லை.

"ஏன் குடுக்கலன்னு சொன்னாரா?"

நல்ல செய்தியைக் குறைத்துச் சொல்வானேன் என்று, கேட்டது முழுவதையும் சொன்னேன். எல்லாரும் அவரிடம் போய் நிற்பார்களாம் என்பதையும், அப்பாவின் பேரைப் பற்றிச் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அது அவருக்குப் பெருமையாகக்கூட இருக்கும் என்று நினைத்தேன். சித்தப்பா விறகுக் குவியல் மேல் உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஏறியிருந்த ஒரு சிராயை நகத்தால் நெம்பி எடுத்தார். பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் அப்பா ஆபீஸ் பையோடு நேராகத் தோட்டத்துக்கு வந்தார். அடுக்கைப் பார்த்துவிட்டு, "சூப்பர்டா! செங்கல் வச்ச மாதிரி இருக்கே" என்றார்.

சித்தப்பா திரும்பாமலே கேட்டார். "அந்த வேலை விஷயம் ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?"

"இன்னிக்குக்கூட டைரக்டர்கிட்ட கேட்டேன்டா. பட்ஜெட் அப்ரூவல் வரணுமாம்."

"ரெஸ்யூமேவ பாத்தாராண்ணா?"

"பாத்தார், பாத்தார். இம்ப்ரெஸ் ஆயிட்டாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொன்னதை நம்பாமல்தான் சித்தப்பா மறுபடி மறுபடி கேட்கிறார் என்று ரோஷம் வந்தது. வாயைத் திறந்தேன். சித்தப்பா சட்டென்று ஒரு கட்டையை என் கையில் கொடுத்து, "இத மேல வை குட்டி" என்றார். கனமான கட்டை. அதை நான் தூக்கி வைத்து முடிப்பதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார்.

வேலை போன நாளிலிருந்து அறுபது நாள்தான் விசா தாங்கும் என்பதோ, அன்றைக்கு அவருக்கு மிச்சமிருந்தது பதினோரு நாள் என்பதோ எனக்குத் தெரியாது. வேலை இல்லையென்றால் எங்கள் வீட்டில் இருப்பார் என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டிலேயே இருக்க முடியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா அந்த வாரம் முழுவதும் அடுக்கினார். ஒரு கட்டையைக்கூட டிரைவ்வேயில் விட்டுவைக்கவில்லை. மேலே தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். அடுத்த வாரம் நெவார்க் ஏர்போர்ட்டில், சூட்கேஸை நானே தூக்குவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை என்று இன்றும் நிச்சயமாகச் சொல்வேன். எனக்கு அதுதான் அதிகம் கசக்கிறது. நானும் அழுதேன். சித்தப்பா மட்டும் அழவில்லை.

இப்போது நான் கல்லூரியில் இருக்கிறேன். சித்தப்பா கோயம்புத்தூரில் இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடியோ காலில் அண்ணனும் தம்பியும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு நடுவில் அப்பா ஒவ்வொரு தடவையும், "எவ்வளவோ ட்ரை பண்ணேன்டா, உனக்குத்தான் லக் இல்ல" என்பார். "ஆமாண்ணா" என்பார் சித்தப்பா. தன் தம்பிக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தத் துரோகத்தைச் செய்தது, வேலை கிடைக்கக் கூடாதென்று வேண்டிக்கொண்ட நானா, அப்பாவா என்று எனக்கே சில நேரம் குழம்பிவிடுகிறது. அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

சித்தப்பா போன அந்தக் குளிர்காலத்தில் ஜனவரியில் பனி கொட்டி, மறுபடியும் மூன்று நாள் கரண்ட் போனது. அப்பா உற்சாகமாகிவிட்டார். தெருவில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்தார். விறகு ஈரமில்லாமல், புகையில்லாமல், சடசடவென்று பிடித்துக்கொண்டு எரிந்தது. ஹால் முழுக்க அனல். "என் தம்பி அடுக்கினது" என்று அப்பா ஒவ்வொரு கட்டையைப் போடும்போதும் பெருமையாகச் சொன்னார். வந்திருந்த அங்கிள்கள் தலையாட்டினார்கள். நான் அடுப்புக்கு நேர் எதிரில் உட்கார்ந்து மார்ஷ்மெல்லோ வாட்டித் தின்றேன்.

அம்மா மட்டும் அந்த மூன்று நாளும் ஹாலுக்கு வரவில்லை. வந்தவர்களுக்கு கேஸ் அடுப்பில் டீ போட்டு என் கையில் கொடுத்தனுப்பினாள். மற்ற நேரமெல்லாம் மாடி அறையில், இரண்டு ஸ்வெட்டரும் சால்வையுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை மேலே போய் அவள் கையைத் தொட்டேன். ஐஸாக இருந்தது. கீழே வாம்மா, அடுப்பு நன்றாக எரிகிறது என்று கூப்பிட்டேன். நீ போ, நான் வரவில்லை என்றாள்.

அம்மாவுக்கு விறகுப் புகை ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் கீழே இறங்கி ஓடினேன்.