தறிக்காரன் எடுத்த கீப்பர் கிளவுஸ்

மக்கா, ஒரு உண்மையச் சொல்லுதேன். விக்கெட் கீப்பர்னு பேருதான். பந்து வந்தா நான் கண்ண மூடிக்கிடுவேன்.

விரல் வீங்கினா தறியில அறுந்த இழைக்கு முடிச்சுப் போட ஏலாது. அதனால இன்னைக்கு சங்கரன்கோவில் பஜாருக்கு நல்ல கிளவுஸா பாத்து வாங்கப் போனேன்.

ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு, மடியில இருந்த நூல எடுத்து முடிச்சுப் போட்டுப் பாத்தேன். தடிச்ச கிளவுஸ் எதுலயும் முடிச்சு விழல. மெல்லிசா இருந்த ஒண்ணுல விழுந்துச்சு. அதையே எடுத்தேன்.

“வே, நீரு பந்து பிடிக்கப் போறீரா, தறி ஓட்டப் போறீரா?”ன்னாரு கடைக்கார அண்ணாச்சி.

“ரெண்டுக்கும்தான்.”

“அப்ப இதப் பிடியும்”னு ஒரு பந்த எறிஞ்சாரு.

கண்ண மூடிக்கிட்டேன்.

இந்தக் கார்டு இடது கையால எழுதுனது. முன்னைக்கு இப்ப கையெழுத்து தேவலைன்னு எவனும் பதில் கார்டு போடாதீங்க.