என் நட்சத்திரத்துக்கு விழுந்த பூ

என் வீட்டுக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்ததை வெட்டி ஒட்டுவது நான். தொண்ணூறுகளின் கடைசி வரைக்கும் அதற்கு இரண்டு வி.சி.ஆரும் ஒரு பழைய டி.வி.யும் போதுமாக இருந்தன. ஒன்றில் ஓடும், இன்னொன்றில் பதியும். நடுவில், பாஸ் பட்டன் மேல், என் கட்டைவிரல். பந்தியில் பல் குத்துகிறவர், சீர்த்தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற சம்பந்தியம்மா, எல்லோரையும் அந்த விரலால்தான் ஒழித்துக்கட்டினேன். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் சில குடும்பங்கள் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றன என்றால் அதற்கு நானும் ஒரு காரணம். கேசட்டில் இவருடைய வீடியோ கடைப் பேர் மட்டும்தான் வரும்.

இனி கம்ப்யூட்டர் இல்லாமல் தொழில் ஓடாது என்று ஆனதும் இருவரும் கோயமுத்தூர் போனோம். காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர், "எதுக்குங்க வேணும்?" என்று கேட்டார்.

"எடிட்டிங்குக்குங்க. அப்பறம் அம்மணி ஊட்டுல லெட்டர் கிட்டர் அடிக்கறதுக்கும் ஆகோணும்" என்றார் இவர்.

எனக்கு உள்ளங்காலில் இருந்து எரிந்தது. நான் யாருக்கு லெட்டர் அடிக்கப் போகிறேன்?

கடைக்காரர் ஒரு லேப்டாப்பைத் திறந்து காட்டினார். அந்த விலைக்கு ஒரு பழைய கார் வரும். "இதுல ஒரு கல்யாணம் ஏறுமுங்களா?" என்று கேட்டேன்.

"முகூர்த்தம் மட்டும் ஏறுமுங்க அக்கா. சீரு, பந்தியெல்லாம் ஏறாதுங்க. எடம் பத்தாது."

பந்தி இல்லாத கேசட்டை எங்கள் பக்கத்தில் இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். மேசையில் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று இவருக்குப் பட்டது. அதைத் தன் கடையில் வைத்து, ஒரு ஆளைப் போட்டு எடிட்டிங் பழக்குவாராம். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில். ஆம்பிளைகள் உட்கார்ந்து ஆட்சியைக் கவிழ்க்கிற இடம், நான் போய் உட்கார முடியாது.

"நீ ஊட்டுல நிம்மதியா இரு" என்றார்.

நிம்மதியை யார் கேட்டது? எனக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான். அது கடைக்குப் போய்விட்டால் எனக்கு அடுப்புதான் மிச்சம். லேப்டாப் என்றால், அத்தனை விலைப் பொருளைக் கடையில் விட்டுவர முடியாது, ராத்திரி கையோடு வீட்டுக்கு வந்தாக வேண்டும். அதனால், இடம் பத்தாது என்று தெரிந்தே, லேப்டாப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. சோறு மட்டும் போட்டேன்.

கிணறு வெட்ட, பெண் கொடுக்க எங்கள் பக்கத்தில் சென்னிமலைக்குப் போய்ப் பூக் கேட்பார்கள். முருகன் சிரசில் பூ வைப்பார்கள். மனசில் நினைத்தது சரி என்றால் வலப்பக்கம் விழும், வேண்டாம் என்றால் இடப்பக்கம். கம்ப்யூட்டருக்கு யாரும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டோம்.

அர்ச்சனைக்குக் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். இவருக்கு அப்போது அஷ்டமச் சனி. சனி பிடித்தவன் பேருக்குப் பூ எங்கே வலப்பக்கம் விழும் என்று பயந்து, என் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம். பூ வலப்பக்கம் விழுந்தது.

படி இறங்கும்போது இவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "உத்தரவு ஆயிப்போச்சு. கம்ப்யூட்டரைக் கடையில வெக்கட்டுமான்னுதான் கேட்டேன்."

"நானும் ஒண்ணு கேட்டேனுங்க."

"என்ன கேட்டே?"

"எதை வாங்குனாலும் ஊட்டுல இருக்கோணும், நாந்தான் அதுல உக்காரோணும்னு கேட்டேன்."

"என்ற கேள்விக்குத்தான் பூ உழுந்துது."

"ஏனுங்க, அர்ச்சனை ஆரு பேருக்குங்க?"

அடிவாரத்துக்கு வந்ததும், "உன்ற பேருக்குத்தான்" என்றார். சாமி காரியத்தில் அவர் பொய் பேச மாட்டார், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய கம்ப்யூட்டரே வந்தது, வீட்டுக்கு. முதல் கல்யாணத்தை முழுசாக அதில் ஏற்றி, பந்தி உட்பட முடித்த அன்றைக்கு, "என்ற பேரையும் எடிட்டிங்னு போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"கடைசியில போட்டுக்கோ. அதுவரைக்கும் ஆரு பாக்கப் போறாங்க?" என்றார்.

நியாயமான பேச்சுதான். பிள்ளையார் படத்துக்கு அடுத்ததாக, முதலிலேயே போட்டுவிட்டேன்.