பன்னிரண்டு நீல டிரம்கள்

வீட்டுத் தரகன் ஒருவன் போன வாரம் என் போனுக்கு ஒரு விளம்பரம் அனுப்பினான். கலை வட்டாரத்துக்குப் பக்கத்தில் கட்டுப்படியாகும் விலையில் வீடு என்று போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கள் சந்து. தாராவியின் ஓரத்தில், மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், நான் பிறந்து வளர்ந்த அதே சந்து. யாருக்குக் கட்டுப்படியாகும் என்று எழுதவில்லை. அதை எவனும் எழுதமாட்டான்.

கலை வட்டாரம் என்று அவன் சொன்னது சந்து முனையில் இருக்கிற பழைய தோல் கிடங்குகளை. எனக்கு ஏழு வயது ஆகும்வரை அங்கே ஆட்டுத்தோல் நாறும். பிறகு தோல்காரர்கள் போனார்கள். யாரோ வந்து சுவருக்கு வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே படம் மாட்டினார்கள். ஒரு கிடங்கு மாறியது, அடுத்த வருடம் நாலு கிடங்கு மாறியது. ஒரு காப்பிக் கடையும் வந்தது. அந்தக் காப்பியை எங்கள் ஆட்கள் யாரும் குடித்ததில்லை. வாசனை மட்டும் இலவசமாக வந்தது. ஆட்டுத்தோலுக்கு அது தேவலை என்பதை நான் மறுக்கமாட்டேன்.

அவர்களுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. எங்களுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும், அதுவும் மனசு இருந்தால். எங்கள் சந்தில் படிக்காதவர்கள் உண்டு, குடிகாரர்கள் உண்டு, திருடனும் ஒருவன் உண்டு. ஆனால் தண்ணீர் வரிசையில் ஒழுங்கு தப்பியவர் கிடையாது. டிரம்மை வைத்துவிட்டால் அது ஆள் நிற்கிற மாதிரி. வைத்தவள் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம், ஊருக்குக்கூடப் போய்வரலாம். அவளைக் கேட்காமல் அவள் டிரம்மை ஒருவரும் ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பிக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஒற்றை அறையில் விருந்து. கல்யாணிலிருந்து அம்மாவின் ஆட்கள் வருகிறார்கள், முலுண்டிலிருந்து அத்தை வருகிறாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. முலுண்டில் ஃபிளாட் வாங்கியவள். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீரை எடுத்து வெளியே வைத்தாள். குடிக்க அல்ல, கை கழுவ.

"நீங்க தண்ணிக்கு என்ன கஷ்டப்படுதியளோன்னு நானே கொண்டாந்துட்டேன் மதினி."

அம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் பாத்திரம் சத்தம் போடாமல் கீழே இறங்கவில்லை.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று அம்மா பத்து நாளாகத் திட்டம் போட்டாள். வியாழக்கிழமை குழாய் உடைந்தது. வெள்ளி முழுக்கத் தண்ணீர் இல்லை. சனிக்கிழமை காலையில் கார்ப்பரேஷன் ஆள் வந்து டேங்கர் வரும் என்றான். எத்தனை மணிக்கு, எந்தச் சந்துக்கு என்று கேட்டதற்கு, "வரும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா எங்கள் பெரிய டிரம்மை என்னிடம் கொடுத்தாள். "எங்கன லைன் தெரியுதோ அங்கன கொண்டு போடு. யாருக்கு, எதுக்குன்னு கேட்டுட்டு நிக்காத. மொதல்ல போடு, பொறவு கேளு."

டிரம்மைப் படுக்கப் போட்டு உருட்டிக்கொண்டே சந்து சந்தாக அலைந்தேன். மூன்று மணி வாக்கில் தோல் கிடங்குப் பக்கம் திரும்பினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையில், பன்னிரண்டு டிரம்கள் நேராக வரிசையில் நின்றன. எல்லாம் நீல டிரம்கள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஆள் எதற்கு, டிரம்தான் இருக்கிறதே. பதிமூன்றாவதாக எங்கள் டிரம்மை நிறுத்தினேன். ஓடிப்போய்ச் சந்து முழுக்கக் கத்தினேன், தோல் கிடங்குக்கு டேங்கர் வருகிறது என்று.

அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் டிரம்மும் குடமும் மராத்திக்காரர்களின் பித்தளை ஹண்டாவும் தெரு முனை வரைக்கும் போய்விட்டன. பக்கத்து வீட்டு மாவ்ஷி பெயிண்ட் டப்பாவைக்கூட விடவில்லை. மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. அவள் ரத்னகிரிக்காரி. எங்கள் தெருவில் பதினைந்து வருடம் இருந்து, எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டக் கற்றவள். "பதினாலு நான். பதினஞ்சு என் மருமக. நடுவுல எவளாச்சும் நுழைஞ்சா கொண்டையைப் பிடிப்பேன்," என்று அறிவித்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்தாள்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் எப்படி வந்தார்கள் என்று பார்க்கத்தான் வந்தாள். வரிசையின் தலைப்பக்கம் போனாள். நானும் போனேன். அந்த டிரம்களில் ஒன்றுக்கும் பெயர் இல்லை, நசுங்கல் இல்லை, கயிறு கட்டவில்லை. அம்மா முதல் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சின்ன பல்பு எரிந்தது. கூடவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். தண்ணீர் இல்லை. அடியில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது.

"அம்மா, இது டேங்கர் லைன் இல்லம்மா," என்றேன். அழுகை வந்தது. பின்னால் நாற்பது பொம்பளைகள். ஊரைக் கூட்டியவள் நான்.

அம்மா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். உள்ளே மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்துக் கண்ணாடித் தம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவில் அன்றைய தேதி போட்டு, மாலை ஐந்து மணி என்று எழுதியிருந்தது. அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வாயை மூடுட்டி," என்றாள். "போயி பின் சந்துல உள்ளவளையும் வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்த அம்மா அவள். ஆனாலும் ஓடினேன். பின் சந்தும் வந்தது.

ஐந்து மணிக்குக் கார்கள் வந்தன. தெருவுக்குள் நுழைய முடியவில்லை. வாட்ச்மேன் கம்பை ஆட்டிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் எடு, எடு என்று இந்தியில் கத்தினான். மாவ்ஷி உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். "நீ எந்த ஊரு? லைன்ல நிக்குற டிரம்மைத் தொடுவியா? தொடு பாப்போம்." அவன் தொடவில்லை. அவனும் ஏதோ ஒரு சந்தில் குடியிருப்பவன்தானே.

காரிலிருந்து இறங்கியவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எங்களைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். ஒரு வெள்ளைத் தாடிக்காரர் மாவ்ஷியின் பெயிண்ட் டப்பா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். "என்னய்யா, முன்னப் பின்ன டப்பா பார்த்ததில்லையா?" என்று மாவ்ஷி கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. தலையை ஆட்டினார்.

பிறகு அந்த டிரம்களை வைத்த பெண் வெளியே வந்தாள். முடி கத்தரித்த, மெலிந்த பெண். அவளோடு அந்தக் கலைக்கூடத்தின் மேனேஜர். அவர்தான் எங்களுக்கு விளக்கினார். இது டேங்கர் வரிசை இல்லையாம். மேடம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிச் செய்த கலையாம்.

அத்தனை பொம்பளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எம் புள்ள பொய் சொல்லல," என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "லைன் இருந்துச்சு. லைன் இருந்தா தண்ணி வரணும்." பிறகு மேனேஜரிடம் திரும்பினாள். அம்மாவின் இந்தி திருநெல்வேலியில் ரயிலேறி வந்த இந்தி. "லைன் தும் லகாயா. பானி தும் தேகா." வரிசை போட்டது நீ, தண்ணீரும் நீதான் தரவேண்டும்.

"அதானே," என்றாள் மாவ்ஷி. அவள் இதை ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். "தண்ணியில்லாதவளைப் பத்தி பொம்மை செய்யத் தெரியுது. தண்ணியில்லாதவ நேர்ல வந்து உக்காந்திருக்கா. குடு."

மேனேஜர் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்திருப்பார். விருந்தாளிகள் கையில் கேமராவோடு நின்றார்கள். தண்ணீர்ப் பஞ்சக் கலையின் வாசலில் தண்ணீர் கேட்டவர்களைப் போலீஸ் இழுத்துப்போனால் எப்படி இருக்கும்? போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாளாக எங்களுக்கு வராத டேங்கர் நாற்பது நிமிடத்தில் வந்தது. தனியார் டேங்கர். தண்ணீர் இந்த ஊரில் எப்போதும் இருந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. டேங்கர்க்காரன் தடிமனான குழாயை இழுத்துக்கொண்டு நேராக முதல் டிரம்முக்குப் போனான். முறை முறைதான். டிரம் வைத்த பெண் பாய்ந்து வந்து இரண்டு கையையும் விரித்து மறித்தாள். உள்ளே பல்பு, ஸ்பீக்கர், ஒயர். அதில் தண்ணீர் விடக் கூடாதாம்.

"அப்ப உன் நம்பரை விட்டுத் தாரியா?" என்று அம்மா கேட்டாள்.

அவளுக்கு விளங்கவில்லை. மாவ்ஷி நல்ல இந்தியில் எடுத்துச் சொன்னாள். பன்னிரண்டு இடம் அவளுடையது, அவள் வாயால் விட்டுத்தராமல் எங்களால் வாங்க முடியாது, தராமல் எடுப்பது எங்கள் வழக்கம் இல்லை. அந்தப் பெண் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். "விட்டேன், பன்னிரண்டும் விட்டேன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து குழாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது.

முதல் தண்ணீர் எங்கள் டிரம்மில் விழுந்தது. அந்தச் சத்தம் ஸ்பீக்கர் சத்தம் மாதிரி இல்லை. குழாய் திமிறி நாலு பேரை நனைத்தது, அதில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர். பிள்ளைகள் எல்லோரும் டேங்கருக்கு அடியில் ஒழுகிய இடத்தில் புகுந்தோம். பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மாள் மாவ்ஷியின் மருமகளோடு சேர்ந்து குடம் தூக்கினாள். பெயிண்ட் டப்பாகூட நிறைந்தது. யாரோ உள்ளேயிருந்து தட்டில் சமோசா கொண்டுவந்தார்கள். ஈரக்கையோடு நான் மூன்று தின்றேன்.

மறுநாள் அத்தை வந்தாள், பாட்டிலோடுதான் வந்தாள். அம்மா பாட்டிலை வாங்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வாளியைக் கொண்டுவந்து அத்தையின் கையில் செம்பு செம்பாக ஊற்றினாள். போதும் மதினி, போதும் மதினி என்று அத்தை சொல்லச் சொல்ல ஊற்றினாள். அத்தையின் முழங்கை வரை நனைந்தது. அப்பா வெளியே போய் நின்று சிரித்தார். தம்பி அன்றைக்கு இரண்டு முறை குளித்தான்.

புதன்கிழமை அந்த மேனேஜர் ஒரு பெட்டி மிட்டாயோடு எங்கள் வாசலுக்கு வந்தார். சனிக்கிழமை நடந்தது எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம். வருகிற சனிக்கிழமை வேறு பெரிய ஆட்கள் வருகிறார்களாம். அதே மாதிரி அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கவேண்டுமாம். டேங்கருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். சாப்பாடும் உண்டாம். ஒன்றே ஒன்று, அன்றைக்குக் கட்டியிருந்த அதே பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்குமாம்.

அம்மா மிட்டாய்ப் பெட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "மாட்டோம்," என்றாள். கதவைச் சாத்தினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் அப்போதும் சரியாகவில்லை. "டேங்கர் வருதுன்னு சொல்லுதாருல்லா? ஏம்மா வேண்டாம்னு சொல்லுத?"

"அன்னைக்கு நாம போயி நின்னோம்."

"இப்பமும் நிக்கத்தான சொல்லுதாவ?"

அம்மா அரிசியைக் களைய ஆரம்பித்தாள், ஒரே தண்ணீரில், இரண்டாவது தண்ணீர் ஊற்றாமல்.

சனிக்கிழமை மாவ்ஷி போகவில்லை. பாதிச் சந்து போனது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கே நிற்கவேண்டும், எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று மேனேஜர் சொல்ல, அவர்கள் டிரம்மோடு வரிசையில் நின்றதை நான் தெரு முனையிலிருந்து பார்த்தேன். நிறைந்த டிரம்களோடு திரும்பி வந்தார்கள். அம்மா ஸ்டேஷன் பக்கக் குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக இரண்டு நடை நடந்தாள். என்னையும் ஒரு கேனைத் தூக்க வைத்தாள். வழி முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. வாசலுக்கு வந்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்கிற ஒருத்தியிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.