பூசையில் திரும்பாத கழுத்து

சண்டை முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு இலங்கைத் தீவுக்கு ஒரு சமாதான வரைவு வந்தது. சுவிசின் சோலோதுர்ன் நகரத்தில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களுக்கு வேறு கதையே இல்லை. சுவிஸ்காரர் குப்பைப் பைக்கும் வாக்கெடுப்பு வைப்பார்கள். எங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. இங்கே உயரும் கைகளை அங்கே யாரும் எண்ணப் போவதில்லை என்று தெரிந்தும், பூசை முடிய மண்டபத்தில் கை உயர்த்தி எங்கள் எண்ணத்தைச் சொல்வோம் என்று ஃபாதர் அறிவித்தார்.

ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற என் மகள் வரைவை ஃபோனில் வாசித்துக் காட்டினாள். காணி, மொழி, மாகாணத்துக்கு அதிகாரம், எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. கடைசியில் ஒரு வரி: நடந்தவற்றுக்காக இரு தரப்பிலும் எவரும் விசாரிக்கப்பட மாட்டார்கள். ஆமிக்காரர் தப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் கொதித்தார்கள். எனக்கு வேறொருவரின் முகம்தான் நினைவில் வந்தது. அந்த ஆள் ஒவ்வொரு பூசையிலும் எனக்குப் பின்னால் உள்ள வாங்கில் உட்காருபவர்.

மன்னாரில் இயக்கத்துக்காக வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்தவர் அவர். பள்ளிக்கூட உடுப்போடு நின்ற என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி திரும்பவில்லை, உடலும் வரவில்லை. கூட்டிப்போனவர் மட்டும் பத்திரமாய்ச் சுவிசுக்கு வந்து, பூசையில் வாசகம் வாசித்து, மண்டபத்தில் ரோல்ஸ் பரிமாறி, ஊருக்கெல்லாம் நல்லவராகிவிட்டார்.

என்னால் எடுக்க முடிந்த பழி ஒன்றே ஒன்றுதான். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கிற நேரத்தில் எல்லோரும் கைகூப்பி முன்னும் பின்னும் திரும்புவார்கள். நான் திரும்ப மாட்டேன். வேண்டுமென்றே அவருக்கு முன் வாங்கைப் பிடித்து, கும்பிட்ட கையோடு என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று வருடக்கணக்காய்க் கறுவினேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பூசைக்குப் போன நாட்களும் உண்டு. கடவுள் பொறுத்துக்கொள்ளட்டும்.

வாக்கெடுப்பு நாளன்று மண்டபம் இரண்டாகப் பிரிந்து நின்றது. "அப்ப செத்ததுகளுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று ஒரு இளம் பொடியன் கத்தினான். "ஊர்ச்சனம் இனியெண்டாலும் தோட்டத்தைச் செய்து பிழைக்கட்டும். நாங்கள் இஞ்ச ஹீட்டருக்குப் பக்கத்தில இருந்து வீரம் கதைக்கக் கூடாது" என்றார் ஒரு முதியவர். அப்போதுதான் தம்பியைக் கூட்டிப்போனவர் எழும்பினார்.

"ரெண்டு பக்கமும் பிழை விட்டதுதான். பழசைக் கிண்டாமல் மன்னிப்பம்" என்றார்.

கை தட்டினார்கள். என் மகளும் தட்டினாள்.

பேசி முடித்தவர் தேத்தண்ணித் தட்டோடு வரிசையாய் வந்து என் முன்னால் நின்றார். "தங்கச்சி, கழுத்து நோ இப்ப எப்பிடி?"

"என்ன கழுத்து நோ?"

"பூசையில திரும்பேலாமல் கஷ்டப்படுறியளெண்டு கனநாளாக் கண்டனான். அப்போதேக்க மருந்துக்கடையில நல்ல களிம்பொண்டு விக்கினம், பூசிப் பாருங்கோ."

அத்தனை வருடம் நான் வளர்த்த கோபம் அவருக்குக் களிம்பில் மாறுகிற நோவாம். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று எழும்பினேன்.

"அண்ணை, நீங்கள் பிள்ளை கேட்டு வந்த வீடுகளில எங்கட வீடும் ஒண்டு."

"எந்த வீடு, தங்கச்சி?" என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெறியேற்றியது.

"என்ர அம்மா உங்கட காலைப் பிடிச்சவ. நீங்கள் காலை உதறிப்போட்டு, முற்றத்தில நிண்டு தேத்தண்ணி கேட்டனீங்கள். அவ அழுதழுது ஊத்தித் தந்தவ. குடிச்சு முடிச்சுத்தான் என்ர தம்பியைக் கொண்டுபோனனீங்கள்."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கையிலிருந்த தேத்தண்ணித் தட்டைப் பார்த்தார்.

"அது... அந்த நேரம் மேலிடத்துக் கட்டளை, தங்கச்சி."

"ஆமிக்காரனும் அதைத்தான் சொல்லுவான்."

ஃபாதர் அவசரமாக, வரைவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். மெல்ல மெல்ல மண்டபத்தில் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. மகளின் கையும் உயர்ந்தது. அதை இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கச் சொன்னவர் மட்டும் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை நெஞ்சு வரை வந்து, பிறகு கீழே விழுந்தது.

வேண்டாம் என்கிறவர்களை ஃபாதர் கேட்டபோது நான் கையை உயர்த்தினேன்.

"அம்மா, உங்களுக்குச் சமாதானம் வேண்டாமோ?" மகள் அழுகிற குரலில் கேட்டாள்.

"ஊருக்கு வேணும், பிள்ளை. வரட்டும், நல்லா வரட்டும்" என்றேன். "அந்தாளுக்கு மட்டும் ஒரு நாளும் நித்திரை வரக்கூடாது."