குணலட்சுமி ரீச்சரின் குரல்

குணலட்சுமி ரீச்சர் வாய்க்காரி என்பதில் சண்டிலிப்பாயில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அவருடைய கணவரே, பாவம், அதை மறுத்துப் பேசியதில்லை. பேச அவருக்கு இடம் கிடைத்ததும் இல்லை.

ஒருகாலத்தில் ரீச்சர் ஊர்ப் பாடசாலையின் முன்கட்டடத்தில் வரலாறு படிப்பித்தவர். ஒரு பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் தான் சிறுவயதில் பட்ட கஷ்டங்களை ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்க, வெயிலில் நின்ற பிள்ளைகள் வாடிய வெங்காயத் தாளாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். ரீச்சர் மேடைக்குப் போய், ஒலிவாங்கியில் விழத்தக்கதாகவே சொன்னார்: “ஐயா, நீங்கள் பட்ட கஷ்டம் காணும், நிப்பாட்டுங்கோ. இப்ப உதுகள் படுகுதுகள்.”

அடுத்த தவணையே அவரைப் பின்பக்கத்தில் இருந்த விசேட கல்வி அலகுக்குத் தூக்கிப் போட்டார்கள். அலகு என்றால் பழைய தளபாடம் போட்டுவைத்த ஓர் அறை. அழுதுகொண்டு இடமாற்றம் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் பயிற்சிக்குப் போய்வந்தார், உடைந்த வாங்கு மேசைகளை இழுத்து வெளியே எறிந்தார், அங்கேயே இருந்துவிட்டார்.

“முன்னுக்கு இருக்கிறதுகளை விட இதுகளோடை கதைக்கிறது சுகம். பொய்ச் சிரிப்புச் சிரிக்காதுகள்” என்பார். அன்பு என்ற சொல் அவர் வாயில் வந்து எவரும் கேட்டதில்லை. அதை அவர் மேடையில் பொன்னாடை போர்க்கிற ஆட்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

அங்கே நடப்பது வாழ்க்கைத் திறன் வகுப்பு. பெயர்தான் பெரிது. சட்டைத் தெறி பூட்டுவது, சாப்பிட்ட கோப்பை கழுவுவது, கடைக்குப் போய்ச் சீனி வாங்குவது, றோட்டைக் கடப்பது, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்வது. கடைசியாகச் சொன்னதில் ரீச்சர் பொல்லாத கண்டிப்பு. ஊர்ச்சனத்தின் வாய் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். அவரும் அந்த ஊர்ச்சனத்தில் ஒருத்திதானே.

“மற்றப் பிள்ளை ஒரு பிழை விட்டால் அது பிழை. எங்கடை பிள்ளை விட்டால், உதுகளை ஏன் வெளியிலை விடுகினம் எண்டு கேக்குங்கள். சனம் வாய் திறக்க நாங்கள் இடம் வைக்கக்கூடாது” என்பது அவருடைய வேதம்.

அந்த வேதத்தின் முதல் மாணவி உதயகலா. பதினேழு வயது. பேச்சு வராது, ஆனால் காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் விளங்கும். தாய் பத்மாவதி தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வந்த புதிதில் உதயகலாவுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் பொத்தென்று நிலத்தில் குந்தி இருந்துவிடுவாள். பிறகு நாலு பேர் சேர்ந்தாலும் கிளப்ப முடியாது. கடை வாசலிலும் இருந்தாள், கோயில் வீதியில் தேர் வரும்போதும் இருந்தாள். அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க ரீச்சர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் மறக்கடித்தும் விட்டார். இப்போது உதயகலா நிமிர்ந்து நிற்பாள். விருந்தினர் வந்தால் தேத்தண்ணி ஊற்றி, தட்டில் கப்புகளை அடுக்கிச் சிந்தாமல் கொண்டுவருவாள். அலகைப் பார்வையிட வந்த பெருமக்கள் அத்தனை பேரும் அவள் கையால் தேத்தண்ணி குடித்து, கண்ணைத் துடைத்து, படம் எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். கப்புகளைக் கழுவுவதும் அவள்தான்.

போன வருசம் கனடாவில் உள்ள பழைய மாணவர்கள் அலகுக்கு ஒரு பெரிய தொடுதிரைப் பலகையும், ரப் என்கிற கைக்கணினிகள் சிலவும் வாங்கிக் கொடுத்தார்கள். பலகைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, நாடா வெட்டித் திறந்தார்கள். திறந்த கையோடு மூடினார்கள். தூசு பட்டால் பழுதாகிப் போகும் என்று அதிபர் அதன் பொலித்தீன் உறையைக் கழற்ற விடவில்லை. பிள்ளைகள் உறைக்கு மேலால் விரல் தேயத் தேயத் தடவினார்கள். பலகை தன் பாட்டில் இருந்தது.

“குளிருமெண்டு போர்த்து வைச்சிருக்கிறியளோ, சேர்?” என்று ரீச்சர் கேட்டார்.

“தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது, ரீச்சர்” என்றார் அதிபர்.

“பல்லைப் பாக்கேல்லை. பால் கறக்க விடுவியளோ எண்டுதான் கேக்கிறன்.”

ரப்புகள் தப்பிவிட்டன. சின்னச் சாமான், அதிபரின் கண் அவ்வளவு படவில்லை. அதில் ஒரு செயலி இருந்தது. கட்டம் கட்டமாகப் படங்கள். ஒரு படத்தை அமத்தினால் அதற்குரிய வசனத்தை ரப் பேசும். பேச்சு வராத பிள்ளைகளுக்கென்றே செய்தது. ஆனால் பேசிய அம்மணி சென்னைச் செய்தி வாசிப்பாளர் போல இருந்தார். உதயகலா சோற்றுப் படத்தை அமத்த, “எனக்கு மிகவும் பசிக்கிறது, உணவு கொடுங்கள்” என்று அறை அதிர்ந்தது.

“நல்ல காரியம். இவள் கடையிலை போய் இப்பிடிக் கேட்டால் கடைக்காரன் சீனி தரமாட்டான். எழும்பி நிண்டு தலைப்புச் செய்தி கேப்பான்” என்றார் ரீச்சர்.

குருநகரில் இருந்து பஸ் ஏறி வரும் ஜெனிற்றா அலகின் உதவி ஆசிரியை. இளம்பிள்ளை. இப்படியான சாமான்களில் அவளுக்குக் கை ஓடும். அந்த அம்மணியை நிப்பாட்டிவிட்டு தங்கள் குரலையே பதியலாம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ரீச்சர் அதைக் கேட்டதும் ரப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், மின்விசிறியை நிப்பாட்டி, கணவரை வளவுக்கு அனுப்பி, வேர்க்க விறுவிறுக்க இருந்து பதிந்தார். வணக்கம். ஓம். நன்றி. நான் சாப்பிட்டிட்டன். எனக்குக் காணும். அம்மா வேலைக்குப் போயிட்டா. இருங்கோ, தேத்தண்ணி கொண்டாறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. போயிட்டு வாங்கோ. இப்படி மூன்று பக்கம். மற்றவன் வீட்டில் பலகாரத் தட்டை நீட்டினால் ஒன்றோடு “காணும்” என்று சொல்லத் தெரிந்த பிள்ளையே வளர்ந்த பிள்ளை என்று நம்புகிற ஊரில் வளர்ந்தவர் அவர். அந்த ஊரின் நல்ல பிள்ளைக்கு வேண்டிய சொல் ஒன்றும் விடுபடவில்லை.

ஜெனிற்றா ஒவ்வொன்றாக அமத்திக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். “மிஸ், ‘மாட்டன்’ எண்டு ஒண்டு போடேல்லையே?”

“அதுக்கு ரப் வேணுமே? மாட்டன் எண்டுறது பிறக்கேக்கையே கூட வாறது. மரியாதையைத்தான் பழக்கவேணும்.”

“இல்லை மிஸ், எதுக்கும் ஒண்டு...”

“ஏன், இவள் சந்தியிலை நிண்டு கடைக்காரனுக்கு மாட்டன், அயலட்டைக்கு மாட்டன் எண்டு அமத்திக்கொண்டு நிக்கவோ? என்ரை குரலிலை?” என்று ரீச்சர் அந்தக் கதையை அதோடு வெட்டிவிட்டார். ஜெனிற்றா வாயை மூடிக்கொண்டாள். வாய்க்காரியோடு வேலை செய்கிறவர்கள் முதலில் பழகும் வாழ்க்கைத் திறன் அது.

ஆரம்பத்தில் ரீச்சருக்கே வெற்றி. உதயகலா ரப்பைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு கடைக்குப் போனாள், வணக்கம் சொன்னாள், நன்றி சொன்னாள். ஒருநாள் பின்னேரம் தோட்டத்தால் வந்த பத்மாவதியிடம், “அம்மா, சாப்பிட்டியளோ?” என்று கேட்டாள். குரல் குணலட்சுமி ரீச்சருடையதுதான். ஆனாலும் பத்மாவதி மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படலையடியிலேயே இருந்து அழுதாள். மறுநாள் அவள் வந்து அதைச் சொன்னபோது ரீச்சர் எதையோ தேடுகிறவர் போல அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். சந்தோசம் தாங்கமுடியாமல் போனால் அவர் செய்வது அதுதான்.

இனித்தான் அருளம்பலம் வருகிறார். பழைய மாணவர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். யாழ்ப்பாணப் பட்டினத்தில் பெரிய மதில் வீடு. வீட்டில் படுக்கையில் கிடக்கும் வயதான தாய். தாயைப் பார்க்க வைத்த பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் போய்விட்டார்கள். அவர் அலகுக்கு வந்து, உதயகலாவின் தேத்தண்ணியைக் குடித்து, அவள் மேசை துடைக்கும் வடிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிபரோடு கதைத்தார். வேலைக்காரி என்ற சொல் இப்போது நாகரிகமில்லை. “பராமரிப்பு உதவியாளர்” என்றார். அங்கேயே தங்கவேண்டும், வருசத்தில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வரலாம். அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. அலகின் முதலாவது வேலைவாய்ப்பு அல்லவா.

“சொந்தப் பிள்ளை மாதிரி வைச்சிருப்பம்” என்றார் அருளம்பலம்.

“சொந்தப் பிள்ளையளை அனுப்பிப்போட்டியள், அதுதான் இடம் காலியாக் கிடக்கு” என்றார் ரீச்சர்.

ரீச்சரிடம் வேறு திட்டம் இருந்தது. ஊரிலேயே பெண்கள் சிலர் சேர்ந்து மிளகாய்த்தூள் இடித்துப் பொதி செய்கிறார்கள். அங்கே கேட்டு வைத்திருந்தார். காலமை போய்ப் பின்னேரம் தாயிடம் திரும்பி வரலாம். ஆனால் பத்மாவதி தடுமாறினாள். வருசம் முடிய, வயதுக் கணக்கில், உதயகலா அலகை விட்டு விலகவேண்டும், அந்தப் பயம் அவளுக்கு. பெரிய மனுசர் வீட்டில் மதில் இருக்கிறது, கேற் இருக்கிறது.

“நான் இல்லாமல் இவள் படுக்கமாட்டாள், ரீச்சர். ஆனா எனக்குப் பிறகு ஆர் இருக்கினம்? பிள்ளையைக் கேளுங்கோ. அவள் ஓம் எண்டால் நான் மறிக்கேல்லை” என்றாள்.

“ஓம், பிள்ளையைக் கேளுங்கோ” என்றார் ரீச்சரும். உதயகலாவின் பிடிவாதம் அவருக்குத் தெரியும். அதை நம்பித்தான் சொன்னார்.

அடுத்த கிழமை எல்லோரும் வந்து சுற்றி இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது, குடித்தார்கள். அருளம்பலம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துக் கேட்டார். “எங்கடை வீட்டிலை வந்து நிக்கிறியோ, அம்மாச்சி? அம்மாவை விட்டிட்டு வாறியோ?”

உதயகலாவின் முகம் கறுத்தது. ரப்பைத் தூக்கினாள். முதல் பக்கம் பார்த்தாள். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். திரும்பவும் முதல் பக்கம். அவள் எதைத் தேடுகிறாள் என்று அந்த அறையில் இரண்டு பேருக்கு விளங்கியது. ஜெனிற்றா ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் ஜெனிற்றாவைப் பார்க்கவில்லை.

“போயிட்டு வாங்கோ” என்றது ரப். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை சுட்டி என்றார் அதிபர். உதயகலா அதைத் திரும்பவும் அமத்தினாள், இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்போது அவளுடைய முழங்கால் மடங்கியது. நிலத்தில் இருக்கப் போகிறாள் என்று ரீச்சர் உள்ளுக்குள் கும்பிட்டார். இரு பிள்ளை, இரு. உதயகலா ரீச்சரின் முகத்தை ஒருதரம் பார்த்தாள், பழக்கியது நினைவுக்கு வந்தது, முழங்காலை நிமிர்த்திக்கொண்டு நேராக நின்றாள்.

“வெக்கப்படுறாள்” என்றார் அருளம்பலம். அவளுடைய விரலைப் பிடித்துத் தானே கொண்டுபோய் ஒரு கட்டத்தில் வைத்து அமத்தினார்.

“ஓம்” என்றது குணலட்சுமி ரீச்சரின் குரல், சுத்தமாக, மரியாதையாக.

கைதட்டினார்கள். அதிபர் படம் எடுத்தார். பத்மாவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த ரீச்சரின் வாய், ரப்புக்குள் இருந்துகொண்டு ஒரு பிள்ளையை விற்றுக் கொடுத்துவிட்டது. விற்றது அதிபரில்லை, அருளம்பலமில்லை, தான் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழும்பிப் போய் ரப்பை வாங்கினார். “ஜெனிற்றா, புதுசா ஒரு கட்டம் திற.” ஜெனிற்றா திறந்து கொடுத்தாள். “எல்லாரும் கொஞ்சம் கதையாமல் இருங்கோ, குரல் பதிய வேணும்” என்றார் ரீச்சர். மரியாதையான சனம், வாயை மூடிக்கொண்டு இருந்தது. ரப்பை வாயருகே பிடித்து ஒரேயொரு சொல்லைச் சொன்னார். பிறகு அதை உதயகலாவின் கழுத்தில் கொழுவி, கட்டத்தைக் காட்டினார், விரலைத் தொடவில்லை.

“இப்ப திருப்பிக் கேளுங்கோ, ஐயா.”

அருளம்பலம் கேட்கவில்லை. கேட்காமலே பதில் வந்தது. “மாட்டன்.” உதயகலா கொஞ்சம் யோசித்தாள். “மாட்டன். மாட்டன்.”

“இது பிள்ளை சொல்லேல்லை. உங்கடை குரல், நீங்கள் சொல்லிக்குடுக்கிறியள்” என்றார் அதிபர்.

“ஓம் எண்டதும் என்ரை குரல்தான், சேர். அதுக்குக் கை தட்டினியள்.”

பத்மாவதி எழும்பிவந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவள் மாட்டாளாம்” என்று அருளம்பலத்தைப் பார்த்துச் சொன்னாள், அவருக்குக் காது கேட்காததுபோல. அருளம்பலம் இப்படியானவர்களுக்கு உதவி செய்யப் போனால் இதுதான் கதி என்று சொல்லிக்கொண்டு வாகனத்தில் ஏறினார். ரீச்சர்மீது மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு அதிபர் பின்னால் ஓடினார். இதற்குமேல் பின்னால் தூக்கிப் போட அந்தப் பாடசாலையில் வேறு அறை இல்லை.

ரீச்சர் கதிரையில் சாய்ந்தார். தான் இன்று ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு மெல்ல மெல்ல அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேசையில் கப்புகள் கிடந்தன.

“உதயா, உந்தக் கப்புகளைக் கொண்டுபோய்க் கழுவு பிள்ளை.”

உதயகலா கப்புகளைப் பார்த்தாள். ரீச்சரைப் பார்த்தாள். விரல் திரைக்குப் போனது.

“மாட்டன்.”

முழுக் காரத்தோடும் வந்தது அது. ஜெனிற்றா சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குணலட்சுமி ரீச்சர் கதிரையை விட்டு எழும்பினார். தட்டைத் தானே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். இத்தனை வருசத்தில் வந்துபோன எந்தப் பெருமகனின் கப்பையும் தான் ஒருநாளும் கழுவியதில்லை என்பது, அங்கே நின்று கழுவும்போதுதான் அவருக்கு உறைத்தது.