இடது கண்ணை மூடிக்கொண்டு

என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். "அண்ணே, இதுல கைய வச்சா அறுத்துருமா?" "வைரத்த வெட்டுமாண்ணே?" "கையில பச்ச குத்துனத இதுலயே அழிச்சு விட்ருவீகளா?" அப்புறம், மெஷினைப் போட்டதும் மேலிருந்து விழும் சின்னச் சிவப்புப் புள்ளியைக் காட்டி, "இதான் லேசரா?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அது லேசர் எங்கே விழப்போகிறது என்று காட்டுகிற அடையாள விளக்கு, அவ்வளவுதான். வெட்டுகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. சினிமாவில் சிவப்பாகவும் பச்சையாகவும் பாய்ந்து பாய்ந்து எல்லோரையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அவனியாபுரத்தில் லேத் பட்டறைக்கும் டிங்கரிங் கடைக்கும் நடுவில் என் ஷெட். இரண்டு மெஷின் இருக்கின்றன. பழையது வாயு லேசர். ஆள் உயரக் கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு அடைத்திருக்கும். அக்ரிலிக், பலகை, கல்யாணப் பத்திரிகை அட்டை எல்லாவற்றையும் வெட்டும். எவர்சில்வர் தட்டை வைத்தால் அதன்மேல் ஒரு கீறல்கூடப் போடாது. புதியது ஃபைபர் லேசர். அதில் ஒளி ஒரு மெல்லிய கண்ணாடி இழைக்குள்ளேயே வளர்ந்து வரும். எவர்சில்வரில் அச்சடித்தாற்போல் பெயர் எழுதும். ஆனால் நிறமில்லாத அக்ரிலிக்கை வைத்தால் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல அதைக் கடந்து போய்விடும். ஒன்றுக்குச் சுவராக இருப்பது இன்னொன்றுக்கு ஜன்னல். இதை வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

என் மனைவியை முதலில் பார்த்தது ஒரு கண் ஆஸ்பத்திரியில். பார்வை சோதிக்கும் அறையில் அவளுக்கு வேலை. எனக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மந்தம். அதில் பார்த்தால் எதிரே ஒரு முகம் இருப்பது தெரியும், யார் முகம் என்று தெரியாது. முதலில் இடது கண்ணை மூடச் சொல்லி, வலது கண்ணால் எழுத்துகளை வாசிக்கச் சொன்னாள். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னாள். நான் கடகடவென்று கடைசி வரிவரை ஒப்பித்தேன். அவள் கையிலிருந்த பட்டனை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் மாறிவிட்டன. மேல் வரிகூட எனக்குத் தெரியவில்லை.

"மனப்பாடம் பண்ணிச் சொல்றீங்க" என்றாள்.

மானம் போய்விட்டது. அதை மறைக்க, "லேசர் வச்சா இந்தக் கண்ணு சரியாயிருமா?" என்று கேட்டேன். லேசர் கடைக்காரன் கேட்கிற கேள்வியா அது?

"கண்ணாடிப் பவர்னா கருவிழியச் செதுக்கிச் சரி பண்ணலாம். இது சின்னப் புள்ளையிலயே பழகாம விட்ட கண்ணு. இம்புட்டு வயசுக்கப்புறம் எந்த லேசரும் ஒண்ணும் பண்ணாது. இருக்குற ஒரு கண்ணையாச்சும் பத்திரமா வச்சுக்கங்க."

அந்த அதட்டலில் விழுந்தவன்தான். அடுத்த வருடம் கல்யாணம் முடிந்து கோச்சடையில் வாடகைக்கு வீடு பிடித்தோம்.

சாப்பிடும்போது எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சை வெளியாள் கேட்டால் சிரிப்பான். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையில் பச்சை லேசரால் ஓரமாகச் சின்னச் சின்னச் சூடு வைப்பார்கள் என்று அவள் சொல்வாள். புரை எடுத்த கண்ணில் பிறகு படியும் சவ்வை வேறொரு லேசர் ஒரு சொடுக்கில் கிழித்துவிடுமாம். கருவிழியைச் செதுக்குவது புற ஊதா லேசராம், சுடாமலே சீவி எடுக்குமாம். "எல்லாம் லேசர்தான, எதுக்கு இத்தனை ரகம்?" என்று ஒருநாள் சீண்டினேன். "எல்லாம் கத்திதான? அருவாமனையில சேவிங் பண்ணுவீங்களா?" என்றாள்.

லேசர் எப்படிப் பிறக்கிறது என்று அவளுக்குச் சொன்னது நான். ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கண்ணாடிகள். நடுவில் ஒளி போய்ப் போய் வரும். ஒவ்வொரு நடைக்கும் இன்னும் கொஞ்சம் ஒளி அதே தாளத்தில், அதே திசையில் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்ணாடிக்கு மட்டும் பூச்சு முழுதாக இருக்காது. அதன் வழியாகக் கசிந்து வெளியே வருவதுதான் லேசர். கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் காய்ந்த கை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

பிறகு துபாயில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். போகாதே என்று நான் சொல்லவில்லை. ஏர்போர்ட் வாசலில் ஊருக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு, "நல்லபடியா போயிட்டு வா" என்றேன். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். வீறாப்புக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால், என் ஷெட்டுக்கு மேலாகத்தான் விமானங்கள் தாழ்ந்து இறங்கும். தகரம் அதிரும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தலை நிமிர மாட்டார்கள். நான் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து பார்ப்பேன். இதில் அவள் வரவில்லை என்று தெரிந்துதான் பார்ப்பேன். அவளுடைய சாப்பாட்டு நேரம் எனக்கு மத்தியானம் இரண்டரை. போனை ஓர் அக்ரிலிக் துண்டில் சாய்த்து வைத்துவிட்டு, இங்கே நானும் அங்கே அவளும் எதிரெதிரே சாப்பிடுவோம். வேலைக்கு வேண்டாமென்றாலும் மெரூன் ஸ்டிக்கர் பொட்டும் மேலே ஒரு கீற்றுத் திருநீறும் வைத்திருப்பாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் முழுக்க ஓடியது.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் இல்லாமல் கொடுக்க மாட்டார்கள். யார் கொடுத்தது என்று குடத்தின் வயிற்றில் இருந்தாக வேண்டும். சிம்மக்கல் பாத்திரக் கடைகளில் வாங்குகிறவர்கள் நேராக என்னிடம் வருவார்கள். வந்தவர்களுக்குத் தங்கள் பெயர் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். கல்வெட்டில் எழுதுவதுபோல அப்படி ஒரு பெருமை. ஃபைபர் மெஷினோடு கண்ணுக்குப் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்ள ஓர் அடர்பச்சைக் கண்ணாடி வந்திருந்தது. அதைப் போட்டால் சிவப்புப் புள்ளி மங்கிவிடுகிறது என்று டிராயரில் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, பழைய மெஷினுக்கு மறைப்பாக இருந்த நிறமில்லாத அக்ரிலிக்கில் ஒரு பலகை வெட்டி முன்னால் நிறுத்தினேன். வாயு லேசருக்கு அது நல்ல தடுப்பு. புதிய லேசருக்கு அது வெறும் ஜன்னல் என்று எனக்கா தெரியாது? தொழிலில் தெரிந்தது, என் கண்ணுக்கென்று வரும்போது தோன்றவில்லை.

ஒருநாள் முற்பகல், ஒரு குடத்தைப் படுக்கவைத்து, சிவப்புப் புள்ளி வளைவில் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்த்தபடியே, லேசரை ஓட்டும் பெடலைக் காலால் மிதித்துவிட்டேன். குடத்தின் பளபளப்பில் பட்டுத் திரும்பிய ஒளி பலகையைக் கடந்து வந்தது. வலி இல்லை. வலது கண்ணுக்குள் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அதுவரை வேடிக்கை பார்த்தவர்களை நினைத்துத்தான் பிறகு நெஞ்சு பதறியது. நம்பர் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, "கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று விசாரித்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே போனால் ஒரு மணி நேரத்தில் துபாய்க்குச் சேதி போய்விடும். வேறோர் இடத்தில் காட்டினேன். டாக்டர் நிதானமான மனிதர். "நாங்க ஓரத்துல வைக்கிற அதே சூடுதான். உங்களுக்கு நட்டநடுவுல விழுந்துருச்சு. தழும்பு போகாது" என்றார்.

நான் எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. பஸ்ஸைப் பார்த்தால் பஸ் தெரியும், நம்பர் தெரியாது. பைக்கை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கடைக்கு வர ஆரம்பித்தேன். அதெல்லாம்கூடப் பழகிவிட்டது. மத்தியானம் இரண்டரைக்குப் போனைப் பார்த்தால் அவள் தோளும் முடியும் தெரியும், நடுவில் முகம் இருக்காது. அது பழகவில்லை.

அவளிடம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கச் சொல்லி அப்போதுதான் அவளுக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டபோது, "உன் இஷ்டம்" என்று பெரிய மனிதன்போல் சொல்லியிருந்தேன். இப்போது என் கையில் ஒரு காரணம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். அதை நினைக்க நினைக்க ஆசையாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. கண்ணைக் காட்டி அழைத்தால் அவள் ஒரு நோயாளியைப் பார்க்கத்தான் வருவாள். என்னைப் பார்க்க அவள் வர வேண்டும் என்பதுதான் என் ஏக்கம். அவை இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். அவள் காதைப் பார்த்தால் முகம் ஓரத்தில், கலங்கலாகத் தெரியும். காதைப் பார்த்தே பேசினேன்.

கையெழுத்துப் போடக் கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம், அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கொஞ்ச நாளா என் காதப் பாத்தே பேசுறீங்க?"

"தோடு புதுசா?"

"கல்யாணத்துக்குப் போட்டது." பிறகு அந்தப் பழைய குரல், எழுத்துப் பலகை முன்னால் கேட்ட குரல். "இடது கண்ண மூடுங்க."

"சாப்பாட்டு நேரத்துல என்ன வெளாட்டு?"

"மூடுங்க. என் நெத்தியப் பாருங்க. என்ன பொட்டு?"

மூடினேன். நேராகப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"அதே மெரூன் ஸ்டிக்கர். மேல ஒரு கீத்துத் திருநீறு" என்றேன்.

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. தகரம் அதிர்ந்து ஓய்ந்தது.

"இன்னைக்கு நான் நெத்தியில ஒண்ணுமே வைக்கல. மனப்பாடம் பண்ணிச் சொல்றீங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "அந்தப் பச்சைக் கண்ணாடி எங்க?" "டிராயர்ல." "வர்றவங்க அம்புட்டுப் பேருக்கும் வெளக்கம் சொல்லுவீங்களே!" மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் கெளம்பி வாரேன்" என்றாள்.

"வராத."

"என்ன?"

"கண்ணுக்காக வராத. அதுல இனிப் பண்றதுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப எதுக்குத்தான் வரணும்?"

அவள் முகம் தெரியாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் மறுபடியும் பல்லைக் காட்டியிருப்பேன். "நீ இல்லாம என்னால முடியல. ஏர்போர்ட்லயே சொல்லியிருக்கணும். அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போடாத. அதுக்காக வா."

"இதையும் மனப்பாடம் பண்ணித்தான் சொல்றீங்களா?" என்றாள். மூக்கடைத்த குரலில் கொஞ்சம் கேலி இருந்தது.

"ஆமா" என்றேன். "ஒண்ணரை வருஷமா."

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இருக்கிற ஒப்பந்தத்தை முடிக்காமல் விட மாட்டார்களாம். இன்னும் ஐந்து மாதம். நான் இப்போது பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பார்க்க வருகிறவர்களைத் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வேலை செய்கிறேன். குடத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் உள்ள உயரத்தை அளவுகோல் வைத்துத் தடவிப் பார்த்துச் சரிசெய்கிறேன். சிவப்புப் புள்ளியைக் காட்டி "இதான் லேசரா?" என்று கேட்டால் எரிச்சல் வருவதில்லை. இல்லையண்ணே என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டரைக்கு அவள் கூப்பிடுகிறாள். இப்போதெல்லாம் போனை வேறு மாதிரி வைக்கிறாள். திரையின் நடுவில் அவர்கள் சாப்பாட்டு அறையின் வெள்ளைச் சுவர்தான் இருக்கும். அவள் நாற்காலியை நகர்த்தி வலது மூலைக்குப் போய் ஒடுங்கி உட்கார்ந்துகொள்கிறாள். கூட வேலை பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். "நடுவுல பாருங்க, என்னப் பாக்காதீங்க" என்கிறாள். நான் இடது கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்க்கிறேன். மூலையில் அவள் முகம் வருகிறது, கலங்கலாக, பொட்டோடு, முழுதாக. சுவரையே பார்த்தபடி சாப்பிட்டு முடிக்கிறேன்.